தானுந்து வண்ணம் பூசுதலும் மெருகூட்டுதலும்

தானுந்து வண்ணம் பூசுதல் என்பது தானுந்தின் உலோக உடலின் மீது அடிப்பூச்சு, சமன்பூச்சு, நிறப்பூச்சு, ஒளிபுகு பூச்சு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியச்செய்து இறுகவைக்கும் செயல்முறை ஆகும். அவ்வாறு இறுகிய மேற்பரப்பை மிக நுண்ணிய தேய்ப்புப் பொருட்களால் சமன்செய்து பளபளப்பாக்குவது மெருகூட்டுதல் எனப்படும். வண்ணத்தின் முதற்பணி அழகன்று. இரும்புத் தகட்டைத் துருவிலிருந்து காப்பதே ஆகும்.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் இத்தொழில்நுட்பம் பெருமளவில் பயன்படும் இடங்களுள் ஒன்று. இங்குள்ள ஆலைகளில் வண்ணம் தொட்டிகளிலும் உலைகளிலும் ஏற்றப்படுகிறது. பழைய வண்டியொன்றைப் பொழுதுபோக்காகச் சீராக்குபவரிடம் தொட்டியும் இல்லை, உலையும் இல்லை. தொட்டியின் வேலையை உப்புத்தாளும் பொறுமையும் ஓரளவு ஈடுசெய்கின்றன. உலையின் வேலையை ஐசோசயனேட்டு என்னும் வேதிப்பொருள் செய்கிறது. இந்த இரண்டாவது மாற்றீடு நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது என்பதால், வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளுக்குக் குதிரை வண்டிகளுக்குப் பூசுவதைப் போலவே எண்ணெய் சார்ந்த வார்னீசு தூரிகையால் பூசப்பட்டது. ஒவ்வொரு பூச்சும் உலர நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால் ஒரு வண்டி முழுமைபெற வாரக்கணக்கில் ஆயிற்று. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது.

1923 இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய டியூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு, செனரல் மோட்டார்சு குழுமத்தின் ஓக்லாந்து வண்டிகளில் பயன்படுத்தப்பட்டது. விரைவில் ஆவியாகும் கரைப்பான்களைக் கொண்டிருந்ததால் இது சில மணி நேரத்தில் உலர்ந்தது. பல நிறங்களிலும் கிடைத்தது. இந்தியப் பட்டறைகளில் இவ்வகைப் பூச்சைத் "டியூக்கோ பெயிண்ட்" என்று சொல்லும் வழக்கு இன்றும் உண்டு.

1960களில் ஃபோர்டு நிறுவனம் மின்படிவு முறையில் அடிப்பூச்சு ஏற்றுவதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தானுந்தின் உடலை எதிர்மின்முனையாக்கிப் பூசும் இன்றைய வடிவம் 1970களில் பரவியது. நிறப்பூச்சின்மீது நிறமற்ற ஒளிபுகு பூச்சை இடும் இரண்டடுக்கு முறை 1980களில் பொதுவழக்காயிற்று. அதற்கு முற்பட்ட வண்டிகள் பெரும்பாலும் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் அமைந்த ஒற்றைப்பூச்சு கொண்டவை. பழைய வண்டியைச் சீராக்குவோர் இவ்வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மறைவான ஓரிடத்தில் வெண்துணியில் மெருகுப் பசையை இட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப்பூச்சு. ஒட்டாவிட்டால் மேலே ஒளிபுகு பூச்சு உள்ளது எனக் கொள்ளலாம்.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் வழித்தடம்

திருப்பெரும்புதூர் சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே, வண்டலூர்–வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரகடம் உள்ளது.

1996 இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம், இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998 இல் சான்ட்ரோ வண்டியை வெளியிட்டது. அதன் இரண்டாவது ஆலை 2008 இல் தொடங்கப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டணியின் ஆலை 2010 இலும், பாரத்பென்சு சரக்குந்துகளை உருவாக்கும் டைம்லர் நிறுவனத்தின் ஆலை 2012 இலும் திறக்கப்பட்டன. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013 இல் ஒரகடத்திலும் 2017 இல் வல்லம் வடகாலிலும் உற்பத்தியைத் தொடங்கியது. வண்ணப்பூச்சுத் தொழிலும் இங்கு உண்டு. ஏசியன் பெயிண்ட்சு நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலை 2005 இல் செயற்படத் தொடங்கியது.

பொழுதுபோக்குத் தானுந்துகளுக்கும் இப்பகுதியில் ஓர் இடம் உண்டு. 1953 இல் தோன்றிய மெட்ராசு மோட்டார் விளையாட்டுக் கழகம், முன்னர் சோழவரத்தில் இருந்த பழைய வானூர்தி ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தி வந்தது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் கழகத்தின் சொந்த ஓட்டத்தடம் திறக்கப்பட்டது. மேலும், ஒரகடத்திலிருந்து நேர்ச்சாலையில் சென்றடையும் வண்டலூர்ப் பகுதியில்தான் முற்காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1961 முதல் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதன் பின்வந்த கெசல் ஆகியவை, 2014 இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றுடன் சேர்த்துப் பழைய வண்டி ஆர்வலர்களால் போற்றப்படுகின்றன.

ஆலையில் வண்ணம் ஏற்றப்படும் முறை

ஆலையில் கண்ணாடி, இருக்கை, மின்கம்பி எதுவும் பூட்டப்படாத வெற்று உடலுக்கே வண்ணம் ஏற்றப்படுகிறது. முறை வருமாறு:

1. முற்பதப்படுத்தல்: தகட்டிலுள்ள எண்ணெயும் தூசியும் காரக் கரைசல்களால் கழுவி நீக்கப்படும். பின்னர்ச் சில மைக்ரான் தடிப்புள்ள பாசுபேற்றுப் படலம் வேதிமுறையில் வளர்க்கப்படும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இப்படலத்தின் சொரசொரப்பான படிகங்களே அடுத்த பூச்சைப் பற்றிக்கொள்கின்றன.

2. மின்படிவு அடிப்பூச்சு: உடல் முழுவதும் நீர்சார்ந்த வண்ணத் தொட்டியில் அமிழ்த்தப்பட்டு, சில நூறு வோல்ட்டு நேர்மின்னோட்டம் செலுத்தப்படும். பூச்சு படிந்த இடம் மின்கடத்தாததாக மாறிவிடுவதால் மின்னோட்டம் இன்னும் பூசப்படாத இடங்களைத் தேடிச் செல்லும். கதவின் உட்புறம், மடிப்புகள் போன்ற கைபுகாத இடங்களிலும் ஏறத்தாழ 20 மைக்ரான் தடிப்பில் பூச்சு படிவது இதனாலேயே. பின்னர் உடல் 160 முதல் 180 பாகை செல்சியசு வரை சூடான உலையில் சுடப்படும்.

3. சமன்பூச்சு: சிறு மேடுபள்ளங்களை மறைக்கவும், கல்லடியைத் தாங்கவும் இது இடப்படுகிறது.

4. நிறப்பூச்சு: பெரும்பாலும் இயந்திரக் கைகளால் 10 முதல் 20 மைக்ரான் வரை தெளிக்கப்படும். வண்டியின் நிறம் முழுவதும் இந்த மெல்லிய அடுக்கில்தான் உள்ளது.

5. ஒளிபுகு பூச்சு: 35 முதல் 50 மைக்ரான் வரை இடப்படும். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்க்கைகள் இதில் அடங்கியுள்ளன. இறுதியாக 130 முதல் 140 பாகை வரை சுடப்படும்.

அனைத்து அடுக்குகளும் சேர்ந்த தடிப்பு ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரான். அதாவது இரண்டு தலைமயிர்களின் தடிப்புக்கு மேற்படாது.

இத்தனை இயந்திரங்களுக்கு இடையிலும் கைவேலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டியின் எரிபொருள் தொட்டியில் காணப்படும் மெல்லிய தங்கநிறக் கோடுகள், தூரிகை கொண்டு கையால் வரையப்படும் மரபினால் புகழ்பெற்றவை.

உலைக்கு மாற்று

ஆலையில் பயன்படும் பல ஒளிபுகு பூச்சுகளில் அக்ரிலிக்குப் பிசினும் மெலமைன் பிசினும் கலந்திருக்கும. இவை அறை வெப்பநிலையில் ஒன்றோடொன்று வினைபுரிவதில்லை. ஏறத்தாழ 130 பாகைக்கு மேல் சூடாக்கும்போது மூலக்கூறுகள் குறுக்காகப் பிணைந்து வலைபோன்ற கட்டமைப்பை உருவாக்குகின்றன. அவ்வலையே பெட்ரோல், வெயில், கீறல் ஆகியவற்றைத் தாங்கும் வலிமையைத் தருகிறது.

முழுமையாகப் பூட்டப்பட்ட வண்டியை இவ்வளவு சூடாக்க முடியாது. ரப்பர்ப் பட்டைகள், நெகிழிப் பாகங்கள், மின்கம்பி உறைகள் கெட்டுவிடும். எரிபொருள் தொட்டி தீப்பற்றும். ஆகவே மறுபூச்சுக்கு வேறொரு வேதிவழி கையாளப்படுகிறது. பூச்சு ஒரு கலத்திலும், பட்டறைகளில் ஹார்ட்னர் எனப்படும் இறுக்கி மற்றொரு கலத்திலும் விற்கப்படும். தெளிப்பதற்குச் சற்று முன்னர் இரண்டும் குறித்த விகிதத்தில் கலக்கப்படும். இறுக்கியிலுள்ள ஐசோசயனேட்டு, பிசினுடன் அறை வெப்பநிலையிலேயே வினைபுரிந்து பாலியூரித்தேன் வலையை உருவாக்குகிறது. பட்டறைகளில் இது "டூ-கே" அல்லது "பியூ பெயிண்ட்" எனப்படும். கலந்த பூச்சைக் குறித்த நேரத்துக்குள் பயன்படுத்தாவிடில் கலத்திலேயே இறுகிவிடும்.

மாறாக, நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. குறுக்குப் பிணைப்பு ஏற்படாததால், உலர்ந்த பின்னும் தின்னர் பட்டால் கரையும். வெயிலில் விரைவில் மங்கும். ஆனால் இதில் ஐசோசயனேட்டு இல்லை, மெருகூட்டுவதும் எளிது.

வீட்டில் செய்யும் முறை

ஆய்வு

முதலில் வண்டியைக் கழுவி உலர்த்தி, சாய்ந்த ஒளியில் பார்க்க வேண்டும். கொப்புளம் காணப்படும் இடத்தில் பூச்சுக்கு அடியில் துரு பரவியிருக்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பார்க்கலாம். காந்தம் பற்றாத இடத்தில் முன்னர் யாரோ தடிப்பாகப் பட்டி பூசியுள்ளனர் எனலாம். தகடு துளைபட்டிருந்தால் வண்ணம் அதற்குத் தீர்வாகாது. அரித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். இது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டிங்கர் வேலை எனப்படும்.

துரு நீக்கல்

துருவைக் கம்பித் தூரிகையாலும், 80 முதல் 120 வரையிலான எண் கொண்ட உப்புத்தாளாலும் பளிச்சிடும் உலோகம் தெரியும்வரை நீக்க வேண்டும். உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் மணல் நுண்மையாகும். குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாசுபாரிக் அமிலம் அல்லது தானிக் அமிலம் கொண்ட துருமாற்றிகள் பயன்படுகின்றன. தானிக் அமிலம் துருவுடன் வினைபுரிந்து கருமையான இரும்புத் தானேற்றாக மாறுகிறது. கடுக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்து கறுப்பு மை உண்டாவதும் இதே வினையால்தான்.

துரு நீக்கிய இரும்பை அப்படியே விட்டுவைத்தல் கூடாது. ஈரக்காற்றில் சில மணி நேரத்தில் மெல்லிய புதுத்துரு படியும். ஆகவே அன்றே எப்பொக்சி அடிப்பூச்சு இடுவது சிறந்தது.

ஆலையின் மின்படிவுத் தொட்டி சென்றடைந்த உட்குழிகளை வீட்டுத் தெளிப்பானால் எட்ட முடியாது. பழைய வண்டிகள் பெரும்பாலும் உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன. கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளைச் சுத்தம் செய்து, உட்குழிகளில் மெழுகு சார்ந்த காப்புத் திரவத்தை நீண்ட குழாய்வழி செலுத்துவது வெளிப்பூச்சுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. இது வண்ணப்பூச்சு முழுவதும் முடிந்த பின்னரே செய்யப்பட வேண்டும்.

பட்டி பார்த்தல்

ஒடுக்குகளைத் தட்டி இயன்றவரை நேராக்கிய பின் எஞ்சும் சிறு பள்ளங்களைப் பாலியெசுத்தர்ப் பட்டியால் நிரப்புவது பட்டி பார்த்தல் எனப்படும். பட்டியின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு இறுக்கி சேர்க்கப்படும். கோடைகாலத்தில் இது சில நிமிடங்களிலேயே இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். தடிப்பாக ஒரே முறை இடுவதைவிட மெல்லியதாகப் பலமுறை இடுவது நன்று.

இறுகிய பட்டியைத் தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் 80, 120, 180, 320 என்ற வரிசையில் தேய்க்க வேண்டும். வெறும் விரல்களால் தேய்த்தால் பள்ளமும் சேர்ந்தே தேயும், அலை மறையாது. பாலியெசுத்தர்ப் பட்டி நீரை உறிஞ்சும் தன்மையுடையது. அதனை நீர்விட்டுத் தேய்த்தால் உறிஞ்சப்பட்ட ஈரம் பின்னாளில் கொப்புளமாக வெளிப்படும். எனவே பட்டியை உலர்நிலையிலேயே, தூசிக்குத் தகுந்த முகக்கவசம் அணிந்து தேய்த்தல் வேண்டும்.

சமன்பூச்சும் வழிகாட்டிப் பூச்சும்

பட்டியின்மேல் சமன்பூச்சு இரண்டு அல்லது மூன்று முறை தெளிக்கப்படும். அது இறுகியபின் வேறு நிற வண்ணத்தை மிக மெல்லியதாகத் தூவிவிட்டு, 400 முதல் 600 வரையிலான தாளால் நீர்விட்டுத் தேய்ப்பர். மேடுகளில் தூவல் மறையும், பள்ளங்களில் எஞ்சும். கண்ணுக்குத் தெரியாத குறைகள் இவ்வாறு வெளிப்படுகின்றன. பளபளப்பான பூச்சு எந்தக் குறையையும் மறைப்பதில்லை, மாறாக எடுத்துக்காட்டும். ஆகவே மொத்த உழைப்பின் பெரும்பகுதி இக்கட்டத்திலேயே செலவாகிறது.

தெளித்தல்

தெளிப்பதற்கு முன் மேற்பரப்பிலுள்ள எண்ணெய், மெழுகு, சிலிக்கோன் ஆகியவற்றை அதற்குரிய கரைப்பானால் துடைக்க வேண்டும். ஒரு துணியால் துடைத்து, ஆவியாகும் முன்னரே மற்றொரு துணியால் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அழுக்கு இடம் மாறுமேயன்றி நீங்காது.

தெளிப்பான் தகட்டிலிருந்து 15 முதல் 20 செண்டிமீட்டர் தொலைவில், தகட்டுக்குச் செங்குத்தாகச் சீரான வேகத்தில் நகரவேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடவேண்டும். மணிக்கட்டை வளைத்து விசிறினால் நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் படியும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே கரைப்பான் வெளியேறப் போதிய நேரம் விடவேண்டும்.

தேவைப்படும் பூச்சின் அளவைக் கணக்கிட்டு அறியலாம். ஒரு லிட்டர் பூச்சில் பாதி கரைப்பான் எனக் கொண்டால், உலர்ந்தபின் எஞ்சுவது அரை லிட்டர். இதனை 50 மைக்ரான் தடிப்பில் பரப்பினால் 10 சதுரமீட்டர் மூடும். ஆனால் பழைய வகை உயர் அழுத்தத் தெளிப்பானில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே தகட்டைச் சேரும். மீதி காற்றில் கலக்கும். எனவே உண்மையில் மூடப்படுவது 3 சதுரமீட்டர் அளவே. குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைப் பயன்படுத்தும் தெளிப்பான்களில் இது 65 விழுக்காடாக உயர்கிறது. வீணாவது பணம் மட்டுமன்று. அந்த மீதியைத்தான் தெளிப்பவர் சுவாசிக்க நேரிடுகிறது.

உலோக மினுக்குடைய நிறங்களில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் உள்ளன. பூச்சு ஈரமாகப் படியும் இடத்தில் அவை அமிழ்ந்து நிறம் கருத்தும், உலர்வாகப் படியும் இடத்தில் வெளுத்தும் தோன்றும். ஆகவே முதன்முறை முயல்வோருக்கு மினுக்கற்ற ஒற்றை நிறமே ஏற்றது.

தட்பவெப்பத்தின் தாக்கம்

இவ்வழித்தடத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. காற்றின் வெப்பநிலை 30 பாகையாகவும் ஈரப்பதம் 80 விழுக்காடாகவும் இருக்கும்போது பனிப்புள்ளி ஏறத்தாழ 26 பாகை ஆகும். இரவில் குளிர்ந்த தகடு 26 பாகைக்குக் கீழே இருந்தால் கண்ணுக்குப் புலப்படாமல் அதன்மேல் நீர் படிந்திருக்கும். தகட்டின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்கும்போதே பூசவேண்டும் என்பது பொதுவிதி.

கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு மேலும் குளிர்கிறது. மழைக்காலத்தில் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு பால்போல் வெளுப்பதற்கு இதுவே காரணம். இதற்கு நேர்மாறாக, மே மாதக் கடும் வெயிலில் துளிகள் தகட்டைச் சேருமுன்னரே உலர்ந்து சொரசொரப்பாகப் படியும். அப்போது மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்த வேண்டும். மழை ஓய்ந்த சனவரி முதல் மார்ச்சு வரையிலான காலத்தில், பனி நீங்கிய முற்பகல் வேளை இப்பணிக்கு மிகவும் உகந்தது.

பொதுவான குறைகள்

• ஆரஞ்சுத் தோல்: துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமனாகுமுன் உலர்வதால் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற மேற்பரப்பு உண்டாகும். ஒளிபுகு பூச்சில் இதனைத் தேய்த்துச் சமன்செய்யலாம்.
• வடிதல்: ஒரே இடத்தில் மிகையாகத் தெளிப்பதால் திரை போலத் தொங்கும். நன்கு இறுகியபின் தேய்த்து நீக்க வேண்டும். ஈரமாக இருக்கையில் தொடுதல் கூடாது.
• மீன்கண்: சிலிக்கோன் அல்லது எண்ணெய்த் துளியைச் சுற்றிப் பூச்சு விலகி வட்டக் குழியாகும். மெருகுப் பொருட்களும் அமுக்கியிலிருந்து வரும் எண்ணெயும் இதற்குக் காரணம்.
• உரிதல்: மேற்பரப்பைத் தேய்க்காமலோ, அழுக்கை நீக்காமலோ பூசுவதால் ஏற்படும். முழுவதும் நீக்கி மீண்டும் தொடங்குவதே தீர்வு.
• சுருங்கல்: பழைய பூச்சின்மேல் வீரியமிக்க தின்னர் கொண்ட பூச்சை இடும்போது அடிப்பூச்சு கரைந்து சுருங்கும். சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது நன்று.

மெருகூட்டுதல்

சமதளமான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்புகிறது, அதுவே பளபளப்பு. நுண்ணிய கீறல்கள் ஒளியைப் பல திசைகளில் சிதறடிப்பதால் பரப்பு மங்கித் தோன்றும். மெருகூட்டுதல் என்பது பெரிய கீறலைச் சிறியதாகவும், சிறியதை மேலும் சிறியதாகவும் மாற்றி, இறுதியில் கண்ணுக்குப் புலப்படாததாக்குவது ஆகும்.

ஒளிபுகு பூச்சு முழுமையாக இறுகியபின் 1500, 2000, 3000 ஆகிய எண்களுடைய தாள்களால் சோப்பு கலந்த நீர்விட்டுத் தேய்க்கப்படும். பின்னர் ரப்பிங் காம்பவுண்டு எனப்படும் தேய்ப்புப் பசையும், அதையடுத்து நுண்ணிய மெருகுப் பசையும் கம்பளி அல்லது நுரைத் தட்டால் பயன்படுத்தப்படும். அலுமினிய ஆக்சைடு இப்பசைகளில் பரவலாகக் காணப்படும் தேய்ப்புப் பொருளாகும்.

மெருகூட்டும் ஒவ்வொரு முறையும் பூச்சு சிறிது குறைகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மொத்தம் 40 மைக்ரான் உள்ள ஒளிபுகு பூச்சில் சில மைக்ரான்களே நீக்கத்தக்கவை. அதற்கு மேல் நீக்கினால் புற ஊதாக் காப்பு குறைந்து, ஓரிரு ஆண்டுகளில் பூச்சு வெளுத்து உரியக்கூடும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். ஆகவே அவ்விடங்களை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, பின்னர்க் கையால் மெருகூட்டுவர். இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் வெப்பத்தால் பூச்சு எரிந்துவிடும்.

இறுதியில் இடப்படும் மெழுகு கீறலை நீக்காது. நீரைத் தடுத்துக் காக்கும். பிரேசில் நாட்டுப் பனைவகையொன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் வெயிலில் நிற்கும் வண்டிக்கும் பயன்படுகிறது. புதிதாகப் பூசிய வண்டியில் கரைப்பான் முழுதும் வெளியேற உற்பத்தியாளர் குறிப்பிடும் காலம்வரை மெழுகிடாதிருத்தல் நலம்.

நலக்கேடுகளும் பாதுகாப்பும்

ஐசோசயனேட்டு

இறுக்கிகளில் பெரும்பாலும் எக்சாமெத்திலீன் டைஐசோசயனேட்டும் அதன் பல்படிகளும் உள்ளன. இவை 1984 இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டின் அதே வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அதைப்போல் எளிதில் ஆவியாவன அல்ல. தூரிகையால் பூசினால் காற்றில் குறைவாகவே கலக்கும். தெளிக்கும்போதோ நுண்துளிகளாக மாறி நேராக நுரையீரலை அடைகின்றன.

மீண்டும் மீண்டும் சுவாசிப்பவர்களுள் சிலருக்கு உடல் இப்பொருளுக்குக் கூருணர்வு பெற்றுவிடுகிறது. அதன்பின் மிகச் சிறிய அளவே கடும் மூச்சிரைப்பை உண்டாக்கும். இந்நிலை வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். எட்டு மணிநேரப் பணிக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்கள் பரிந்துரைக்கும் வரம்பு, 100 கோடிப் பங்கு காற்றில் 5 பங்கு மட்டுமே. இவ்வளவு குறைந்த செறிவை மூக்கால் உணர முடியாது. எனவே மணம் வரவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

துணி, கைக்குட்டை, மருத்துவ முகக்கவசம் ஆகியவை இதற்குப் பயன்படா. கரிவடிகட்டி கொண்ட கவசத்தில் வடிகட்டி நிறைவுற்றதை மணத்தால் அறிய இயலாது என்பதால், வெளியிலிருந்து தூய காற்றை வழங்கும் கவசமே பரிந்துரைக்கப்படுகிறது. கண்ணும் தோலும் மூடப்பட வேண்டும். தெளித்து முடிந்த பின்னும் நுண்துளிகள் சிறிது நேரம் காற்றில் மிதக்கும். தெளிப்பவர் மட்டுமன்றி அருகிலுள்ள குழந்தைகளும் அண்டை வீட்டாரும் அதனைச் சுவாசிப்பர்.

இக்காரணங்களால், காற்று வழங்கும் கவசமும் பிரித்தமைந்த இடமும் இல்லாத வீட்டில் ஐசோசயனேட்டுப் பூச்சைத் தெளித்தல் தகாது. தக்க இடைவழி ஒன்று உண்டு: துரு நீக்கல், பட்டி பார்த்தல், தேய்த்தல் ஆகியவற்றை வீட்டில் செய்துவிட்டு, சமன்பூச்சையும் ஒளிபுகு பூச்சையும் தெளிக்கும் வேலையை மட்டும் தெளிப்பறை உள்ள பட்டறையில் ஒப்படைத்து, வண்டியைத் திரும்பப் பெற்றபின் மெருகூட்டுதலை மீண்டும் வீட்டில் செய்யலாம். உழைப்பில் பெரும்பங்கும், தோற்றத்தைத் தீர்மானிக்கும் பகுதியும் உரிமையாளர் கையிலேயே இருக்கும்.

தீ

தின்னரிலுள்ள தொலுயீனின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 4 பாகை செல்சியசு மட்டுமே. அதாவது நம் நாட்டின் எந்தப் பருவத்திலும் அதன் ஆவி தீப்பற்றவல்லது. இவ்வாவி காற்றைவிடக் கனமானது. எனவே தரையோடு தவழ்ந்து அடுத்த அறையிலுள்ள சமையல் அடுப்பையோ, பூசை விளக்கையோ சென்றடையக்கூடும். மின்விசிறிச் சொடுக்கியின் சிறுபொறியும் போதுமானது. எண்ணெய் சார்ந்த பூச்சில் தோய்ந்த துணிகள் குவித்துவைத்தால் தாமாகவே சூடேறி எரியக்கூடும் என்பதால் விரித்து உலர்த்த வேண்டும்.

ஈயமும் கழிவும்

பழைய மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் ஈயக் குரோமேற்று இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் 2016 இல் வகுக்கப்பட்ட விதிகள் வீட்டு மற்றும் அலங்காரப் பூச்சுகளில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு உட்படுத்துகின்றன; 2017 நவம்பரில் இவை நடைமுறைக்கு வந்தன. பழைய தானுந்துகளில் ஏற்கெனவே உள்ள பூச்சுக்கு இவ்வரம்பு துணைசெய்யாது. எனவே பழைய வண்ணத்தை நீர்விட்டுத் தேய்த்து, கசடைத் திரட்டி எடுப்பது நல்லது.

கசடையும் தின்னரையும் வடிகாலில் ஊற்றலாகாது. இவ்வழித்தடத்தின் ஏரிகள், கால்வாய்களுள் பல சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சேர்ந்தவை.

சட்ட நிலை

வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டுள்ள விவரங்களுள் ஒன்று. அதே நிறத்தில் மீண்டும் பூசுவதற்குத் தடையில்லை. நிறத்தை மாற்றுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் திருத்தம் பெறவேண்டும். 1989 ஆம் ஆண்டின் நடுவண் மோட்டார் வாகன விதிகளின்படி ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. தனியார் வண்டிகளுக்குப் பூசலாகாது.

இவற்றையும் பார்க்க

• துருப்பிடித்தல்
• மின்முலாம் பூசுதல்
• பாலியூரித்தேன்
• இருங்காட்டுக்கோட்டை
• செம்பரம்பாக்கம் ஏரி